வளையல் போட்ட குழாய்

கடற்காற்று பூட்டையும் தின்னும், பூட்டுக்குள் போன சாவியையும் தின்னும் என்பார்கள் அந்தப் பக்கத்தில். அப்படிப்பட்ட காற்று நேரே வந்து முட்டுகிற இடத்தில், தூத்துக்குடி உப்பளத்துக்கும் துறைமுகச் சாலைக்கும் நடுவே, ஹவுசிங் போர்டு கட்டிக்கொடுத்த அடுக்குவீடு ஒன்றில், கைப்பிள்ளைக்காரி ஒருத்தி அடுப்படிக் குழாய்க்கு வளையல் போட்டாள். குழாய் மாசமானது. மாசமானதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எத்தனை மாசம் என்பதில்தான் சண்டை வந்தது.

அவள் பெயர் டெல்பின். கட்டினவன் ரோச், தோணிக்காரன். வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போனால் காற்று விட்டால்தான் திரும்பி வருவான். அவளுக்குத் தாய் இல்லை. மாமியார் மணப்பாட்டில் முட்டுவலியோடு கட்டிலில் கிடந்தாள். ஆகவே பிள்ளை பெற்று வந்த நாளிலிருந்து மேல்மாடி வீட்டில் அவளும், பிள்ளை எவ்லினும், அவளுடைய பயமும்தான் குடியிருந்தார்கள். மூவரில் நன்றாகச் சாப்பிட்டு நன்றாக வளர்ந்தது பயம்தான்.

பிள்ளை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பாள். வைத்த விரலின் குளிர்ச்சியில் பிள்ளை விழித்துக்கொண்டால், விழித்தது விரலாலா இல்லை உள்ளே ஏதாவது வலியாலா என்று பயப்படுவாள். அழுதால் ஏன் அழுகிறது என்று பயம், அழாமல் கிடந்தால் ஏன் அழவில்லை என்று அதைவிடப் பெரிய பயம். பால் பற்றவில்லை. பிள்ளை மார்பைப் பிடித்து நாலு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, வற்றின கிணற்றில் வாளியை விட்டவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தும். ஊசி போடுகிற இடத்தில் எடை பார்த்த நர்ஸ், "ஏம்மா, பிள்ள ஏறவே இல்லையே, நீ என்ன செய்யுத?" என்று கேட்டாள். நீ என்ன செய்யுத என்கிற அந்தக் கேள்வி டெல்பின் பின்னாலேயே மாடியேறி வந்து வீட்டுக்குள் நுழைந்து, அவள் எந்தப் பாத்திரத்தைத் திறந்தாலும் அதற்குள் உட்கார்ந்திருந்தது.

"பயந்தா பால் எறங்காது," என்றார் டாக்டரம்மா. "மனச வேற எதுலயாவது திருப்பு."

வேறு எதில் திருப்புவது? அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கான்வென்டில் கிராஃப்ட் வகுப்பெடுத்த சிஸ்டர் பெர்னதெத், பார்க்கச் சகிக்காததைத் துணி போட்டு மூடுகிறவள் சோம்பேறி, அதன்மேல் ஒரு பூவை ஒட்டுகிறவள்தான் கெட்டிக்காரி என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார். வீட்டில் பார்க்கச் சகிக்காததற்குக் குறைவே இல்லை. உப்புக்காற்று தொட்டதெல்லாம் துரு, துரு தொடாததெல்லாம் மஞ்சள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மார்க்கெட் பக்கம் பேன்சி ஸ்டோருக்குப் போய்ச் சார்ட் அட்டை, சமிக்கி, ஜிகினாத்தூள், பாசிமணி, கம்பளிநூல் உருண்டை, பெரிய பசை டப்பா எல்லாம் வாங்கி வந்தாள். பழுப்பேறின ஸ்விட்ச் போர்டைச் சுற்றி நீல அட்டையில் மயில் வெட்டி ஒட்டினாள். ஸ்விட்சுகள் தோகையின் கண்களாயின. தாழ்ப்பாளுக்குக் கம்பளிநூலில் சட்டை போட்டாள். டியூப் லைட் பட்டைக்குக் கிரேப் காகிதத்தில் ஜாலர் தைத்தாள். சட்டை மாட்டுகிற கொக்கி ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் பாசி கட்டினாள். ஒட்டிக்கொண்டிருக்கும் நேரத்துக்குப் பயம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது, பசை காய்ந்ததும் மறுபடி பக்கத்தில் வந்தது. மயில் மயிலாகவே இருந்தது, கொக்கி கொக்கியாகவே இருந்தது, ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுப்படிக் குழாய்தான் மிச்சம். ஹவுசிங் போர்டு வீடு கட்டின காலத்துப் பித்தளைக் குழாய், பச்சைப் பச்சையாகக் களிம்பு பிடித்தது. அதன் கழுத்துக்கு வட்டமாக, பளபளவென்று ஏதாவது வேண்டும் என்று தேடினபோது பீரோவின் அடித்தட்டில் அந்தக் கேரிபேக் கிடைத்தது.

உள்ளே அவளுடைய வளைகாப்பு வளையல்கள். சிவப்பும் பச்சையுமான கண்ணாடி வளையல்கள். பிரசவ வலி கண்டதும் அவற்றைக் கழற்றி, பிள்ளையை ஏந்துகிற கைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது முறை. டெல்பின் கொடுக்கத்தான் நினைத்தாள். ஆனால் வலி தொடங்கியபோது பக்கத்தில் நின்ற நர்ஸ் டியூட்டி முடிந்து போய்விட்டாள். அடுத்து வந்தவள், "அதெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்மா" என்றாள். கடைசியில் பிள்ளையை ஏந்தினவள் யாரென்று டெல்பினுக்குத் தெரியவே இல்லை, முகமூடிக்கு மேலே ஒரு ஜோடிக் கண்தான் தெரிந்தது. யாருக்கும் கொடுக்காத வளையல்கள் அவளோடேயே வீடு திரும்பின. சும்மா கிடந்து உடைவதற்கு இதற்காவது ஆகட்டும் என்று சிலதில் கம்பளிநூலைச் சுற்றினாள், சிலதைச் சத்தத்துக்காக வெறுமனே விட்டாள், குழாயின் கைப்பிடியைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, சுவரோரம் வரை ஏற்றினாள். எண்ணெய்கூடத் தேவைப்படவில்லை. அளவெடுத்துச் செய்தாற்போல ஏறின. மூக்கு நுனியில் ஒரு சிவப்புச் சமிக்கியை ஒட்டி, தள்ளி நின்று பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதற்கடுத்த நாள் குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குப் பிறகு ஒருநாள், துடைக்கப் போன டெல்பினின் உள்ளங்கைக்குள் அதன் அடிப்பக்கம் உருண்டு திரண்டு நின்றது.

பிளம்பர் எபனேசர் வந்தான். ரெஞ்சை எடுத்தான், கீழே வைத்தான். குழாயில் காதை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். பிறகு செருப்பை வாசலில் கழற்றிப்போட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"தங்கச்சி, அடைப்பெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க மெற்றில்டா அக்காவக் கூப்பிட்டுக் காட்டுங்க. இது பொம்பளையாளுக சமாச்சாரம்."

கீழ்வீட்டு மெற்றில்டா சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். அந்த பிளாக்கில் எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்குக் குமட்டினாலும், கட்டினவனுக்கு முன்னால் தெரிந்துகொள்கிறவள். மாடியேறி வந்து மூச்சு வாங்கினாள். குழாயின் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்சம் புளியைக் கரைத்து அதன் வாயில் தடவினாள். புளி பட்ட இடமெல்லாம் களிம்பு விட்டுப்போய்ப் பித்தளை பொன்னாக மின்னியது.

"பாத்தியாட்டி, புளிக்கு எப்படி ஆலாப் பறக்குதுன்னு," என்றாள். "ஏட்டி டெல்பின், வளையல் போட்டியே, வயித்துல ஏதும் இருக்கான்னு ஒரு வார்த்த கேட்டுட்டாப் போட்ட?"

"எக்கா, நான் அழகுக்குத்தான்…"

"எல்லாம் அழகுக்குத்தான் ஆரம்பிக்கும்."

அவ்வளவுதான், பிளாக் முழுக்க விஷயம் தெரிந்துபோனது, தெரிந்ததும் அவரவருக்குத் தெரிந்த முறையை அவரவர் செய்ய ஆரம்பித்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு என்று கிண்ணம் கிண்ணமாக மாடியேறி வந்தது. எதிர்வீட்டு பாத்திமா நெய்ச்சோறு கொடுத்தனுப்பினாள். நடுமாடிச் சரசு மைனி குழாயின் கைப்பிடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள், வேளாங்கண்ணி மாதா எண்ணெயும் அதே இடத்தில் தடவப்பட்டது, குழாய் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாசக்காரி இருக்கிற வீடு என்று கதவை யாரும் படாரென்று சாத்துவதில்லை. சுவரில் ஆணியடிக்க வேண்டியவர்கள் அடிக்காமல் தள்ளிவைத்தார்கள். கிரகணத்தன்று டெல்பின் வீட்டு அடுப்படி ஜன்னலுக்குப் பழைய பேப்பர் ஒட்டிவிட்டுப் போனார்கள், கிரகணம் பட்டால் பிறக்கிற குழாய்க்கு மூக்கு கோணிவிடும் என்று. ஐந்து மாசம் என்றாள் ஒருத்தி, வயிறு இறங்கியிருப்பதைப் பார்த்தால் ஏழு என்றாள் இன்னொருத்தி, பித்தளைக்கு நம் கணக்கு செல்லாது என்று மூன்றாவது ஒருத்தி சொல்ல, அன்றைக்குத் தொடங்கின சண்டையில் இரண்டு வீட்டுக்காரர்கள் கொஞ்சநாள் பேசிக்கொள்ளவில்லை.

இவ்வளவு பக்திக்கும் காரணம் உண்டு. கார்ப்பரேஷன் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் புண்ணியம் என்றிருந்த பிளாக் அது. "கொழா பெத்தா என்ன பெக்கும்? தண்ணியத்தான் பெக்கும்," என்று ஆளாளுக்கு நம்பினார்கள். அசோசியேஷன் செக்ரட்டரி பொன்னுச்சாமி சார், அதை ஒருபடி மேலே கொண்டுபோனார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பொது, தனி என்று பிரித்துப் பார்க்கிறவர்.

"எம்மா, கொழா உங்களது, நான் மறுக்கல. ஆனா பைப் லைன் பொதுச்சொத்து. வயித்துக்குள்ள போறதெல்லாம் பொது லைன் வழியாத்தான போவுது? பொறக்கிறது அசோசியேஷனச் சேரணும். கீழ மோட்டார் ரூம் செவுத்துல ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன்."

டெல்பின் தலையாட்டினாள். கான்வென்டில் பெரியவர்கள் பேசினால் தலையாட்டப் பழக்கியிருந்தார்கள். ஆனால் சார் படியிறங்கிப் போன பிறகும் அந்தச் சொல் அடுப்படியிலேயே நின்றது. பொறக்கிறது சேரணும். பிறந்ததை ஒருவர் வந்து, இது உன்னைச் சேர்ந்ததில்லை என்று சொல்லி எடுத்துக்கொண்டு போகலாம் என்பது அதுவரை அவள் பயந்திராத ஒரு பயம்; அதையும் உள்ளே வா என்று சேர்த்துக்கொண்டாள்.

ஏனென்றால் அதற்குள் அவளுக்கு வேறொன்று தெரிந்துவிட்டிருந்தது, யாரிடமும் சொல்ல முடியாதது.

குழாயின் வயிற்றுக்குள் எப்போதாவது ஒரு அசைவு வரும். அசைவு வந்தால் வளையல்கள் கிலுங்கும். கிலுங்கினால், எங்கே கிடந்து எப்படிக் கத்திக்கொண்டிருந்தாலும், எவ்லின் அழுகையை நிறுத்திவிடும். நிறுத்திவிட்டு அடுப்படிப் பக்கம் கழுத்தைத் திருப்பும். வயிற்றிலிருக்கிற பிள்ளை கேட்கட்டும் என்றுதான் தாய்க்கு வளையல் போடுவது. எவ்லின் இருட்டுக்குள் கிடந்த நாளெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தது இந்தச் சத்தத்தைத்தான். பிறந்த அன்றைக்கு அது நின்றுபோனது. இப்போது திரும்பக் கிடைத்திருக்கிறது, ஆனால் டெல்பினின் கையிலிருந்து அல்ல. அம்மா எங்கே என்று தேடிக்கொண்டிருந்த பிள்ளை, அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டது. அது சுவரில் இருந்தது.

குழாயடியில் பாயை விரித்துப் போட்டால் எவ்லின் சிரித்தது. டெல்பின் தூக்கினால் கத்தியது. மார்பைக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு, அவள் தோளுக்கு மேலாகக் குழாயைப் பார்த்தது.

ரோச் தோணியிலிருந்து சிக்னல் கிடைத்த நேரத்தில் கூப்பிட்டபோது டெல்பின் எல்லாவற்றையும் சொன்னாள், அந்த ஒன்றைத் தவிர.

"ஆணா பொண்ணான்னு சொன்னாவளா?" என்று கேட்டான் அவன்.

"அது கொழாங்க."

"அது தெரியுது. வாரப்ப ரெண்டு பேருக்கும் சேத்தே கவுன் வாங்கியாறேன். நீ எப்படி இருக்க டெல்பி? சாப்பிட்டியா?"

அவள் பதில் சொல்வதற்குள் காற்று லைனை அறுத்துவிட்டது. அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. மாடியேறி வருகிறவர்கள் எல்லாரும் நேரே அடுப்படிக்குப் போனார்கள். குழாய்க்குத்தான் நெற்றி தடவினார்கள், குழாயிடம்தான் "மேலுக்கு எப்படியிருக்கு தாயி" என்றார்கள். மெற்றில்டா வேலைக்குப் போகுமுன் தினமும் மூடி போட்ட தூக்கு ஒன்றைக் குழாயடியில் வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் பால்சுறாப் புட்டு, ஒருநாள் பூண்டுக் குழம்பும் சோறும், ஒருநாள் கருப்பட்டி போட்டுக் கிண்டின காய உருண்டை. "பெத்த பொறவு குடுக்கிறதுதான், இருந்தாலும் இப்பமே நாக்கு பழகட்டும்" என்பாள். பால்சுறா பால் ஊறுவதற்கு. கதவு சாத்தினதும், தெருவில் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று ஜன்னலையும் சாத்திவிட்டு, டெல்பின் தரையில் உட்கார்ந்து அதை அள்ளி அள்ளித் தின்பாள். மாசமாயிருக்கிற ஒன்றின் சோற்றைத் திருடித் தின்கிறோம் என்று அழுகை வரும். அழுதுகொண்டே தூக்கை வழித்துக் கழுவிக் குழாயடியில் பழையபடி வைப்பாள். சாயங்காலம் மெற்றில்டா காலித் தூக்கை எடுத்துக்கொண்டு, "நல்லாத் தின்னுருக்காளே!" என்று குழாயின் மூக்கைத் தட்டிவிட்டுப் போவாள்.

ஒரு சாயங்காலம், எவ்லின் காலையிலிருந்து ஒரு சொட்டும் குடிக்காமல் குழாயையே பார்த்துக் கிடந்த சாயங்காலம், டெல்பின் கத்தரிக்கோலை எடுத்தாள். வளையல் என்னுடையது. சத்தம் என்னுடையது. கழற்றி நான் போட்டுக்கொண்டால் பிள்ளை என்னைப் பார்க்கும். குழாய் வீங்கியிருந்ததில் வளையல்கள் அதன் மேனியைக் கவ்விப் பிடித்திருந்தன. நூலை வெட்டி, ஒன்றையாவது உடைத்தாவது எடுத்துவிடலாம் என்று கத்தரியின் நுனியை உள்ளே விட்டாள். குழாய் முனகியது. சுவருக்குள் ஓடுகிற பைப் வழியாக அந்த முனகல் மாடி மாடியாக இறங்கிப் போனது. எவ்லின் அதுவரை அழாத ஒரு குரலில் வீறிட்டது. அந்த நேரம் பார்த்துத் தூக்கை எடுக்க வந்த மெற்றில்டா வாசலில் நின்றாள்.

"வயித்துப்பிள்ளக்காரி கையில கெடக்க வளையலயா கழத்துத?"

கத்தரி கீழே விழுந்தது. "எக்கா, பிள்ள என்னயப் பாக்கவே மாட்டேங்கா எக்கா. அதத்தான் பாக்கா."

மெற்றில்டா பிள்ளையைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், டெல்பினின் ஒட்டின கன்னத்தைப் பார்த்தாள். கத்தரியை எடுத்து உயரத்தில் அலமாரி மேல் வைத்தாள்.

"நேரம் வந்தா தானாக் கழலும். அதுக்கு முன்ன தொடாத. தொட்டா ரெண்டு பிள்ளைக்கும் ஆவாது."

ரெண்டு பிள்ளைக்கும் என்று அவள் சொன்னது டெல்பினுக்குள் கல்லாக விழுந்தது. அன்றிலிருந்து அவள் பயந்தது தன் பிள்ளைக்கு மட்டுமல்ல. சுவருக்குள் இருப்பதற்கும் சேர்த்துப் பயந்தாள். எவ்லினின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போய்க் குழாயின் மூக்கிலும் விரலை வைத்துப் பார்த்தாள்.

தண்ணீர் வருகிற நாளில்தான் அதற்கு வலி கண்டது. கீழே எல்லாரும் குடமும் வாளியும் வரிசை போட்டு நின்றார்கள்; மோட்டார் போட்டதும் டேங்குக்கு ஏற வேண்டிய தண்ணீர் ஏறவில்லை, பைப்புகள் எல்லாம் ஒருசேர விம்மின, ஒவ்வொரு வீட்டுக் குழாயும் அடைத்த தொண்டையால் ஊதின சங்கு மாதிரி ஊதி அடங்கியது. மேல்மாடி அடுப்படியில் வளையல்கள் கிலுங்கவில்லை, பல்லைக் கடித்தாற்போல நறநறத்தன. மெற்றில்டா சத்துணவுக் கூடத்தில் இருந்தாள். எபனேசர் ஓடிவந்தான், வாசல்வரை வந்தவன், "ஆம்பளையாளு உள்ள வரப்படாது" என்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். படிக்கட்டில் ஆட்கள் ஏறிவருகிற சத்தம் கேட்டது, முன்னால் பொன்னுச்சாமி சார் குரல், "மோட்டார் ரூம் ரெடியா இருக்கு, துணி விரிச்சு எடுத்துட்டு வாங்க, பாத்து, பாத்து."

டெல்பின் எவ்லினைப் பாயில் கிடத்தினாள். குழாயைப் பார்த்தாள். அது நடுங்கியது. அந்த நடுக்கம் அவளுக்குத் தெரியும். இரும்புக் கட்டிலில், தெரியாத கண்களுக்கு நடுவே, கையைப் பிடித்துக்கொள்ள யாராவது வருவார்களா என்று அவள் காற்றைப் பிடித்த நடுக்கம். அவள் போய்க் குழாயின் கைப்பிடியைத் தன் கையால் பிடித்துக்கொண்டாள்.

"நான் இருக்கேன்," என்றாள். "நான் டூட்டி முடிஞ்சு போவ மாட்டேன்."

சொன்னதும் வளையல்கள் தளர்ந்தன. அவள் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சிவப்பும் பச்சையுமாக, நூல் சுற்றினதும் சுற்றாததுமாக, முழங்கையைத் தாண்டி, கைப்பிடியைத் தாண்டி, எல்லாம் வந்தன, ஒன்றுகூட உடையவில்லை. கடைசி வளையல் கழன்றதும் பைப் முழுக்க ஒரு நீண்ட மூச்சு ஓடியது. டெல்பின் உள்ளங்கையைக் கீழே ஏந்தினாள். குழாயின் வாய் வழியாக, கம்பளிநூல் பிசிரில் சுற்றிக்கொண்டு, கட்டைவிரல் உயரத்தில், ஒரு குட்டிப் பித்தளைக் குழாய் அவள் கையில் வந்து விழுந்தது. அதன் மூக்கு நுனியில் ஒரு சிவப்புச் சமிக்கி, ஒட்டினதில்லை, மச்சம் மாதிரி பிறவியிலேயே இருந்தது.

அது அழவில்லை.

படிக்கட்டில் வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். பயம் டெல்பினின் நெஞ்சில் எழுந்து நின்று முழு உயரத்தையும் காட்டியது. அவள் குட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, முதுகில், ஆஸ்பத்திரியில் யாரோ செய்ததாக ஞாபகமிருந்த மாதிரி, விரலால் தட்டினாள். மறுபடி தட்டினாள். மாதாவே, மாதாவே, மாதாவே. ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. பிறகு அந்தக் குட்டிக் குழாய் வாயைத் திறந்து, தகரக் கூரையில் முதல் மழை இறங்குகிற மாதிரிச் சடசடவென்று அழுதது.

பச்சைப்பிள்ளை அழுதால் பால் சுரக்கும், யார் பிள்ளை என்று மார்பு கேட்பதில்லை. டெல்பினுக்கு உள்ளே முள்ளு முள்ளாகக் குத்தியது. குத்தின இடமெல்லாம் இளகியது. ரவிக்கை நனைந்து, சேலை நனைந்து, பால் தரையில் சொட்டியது. பாயில் கிடந்த எவ்லின் மூக்கை விடைத்தது. குழாயைப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தை மெதுவாகத் திருப்பி, வாசத்தை நூல்பிடித்து, அம்மாவைப் பார்த்தது.

"எம்மா," என்று வாசலிலிருந்து பொன்னுச்சாமி சார் தொண்டையைச் செருமினார். வேறெங்கோ பார்த்துக்கொண்டு வெள்ளைத் துண்டு ஒன்றை நீட்டினார். "இதுல வச்சுக் குடுங்க. அசோசியேஷன் தீர்மானம் ஏற்கெனவே…"

டெல்பின் குட்டியை மாரோடு சேர்த்துப் பிடித்தாள். தலையாட்டத் தெரிந்த அந்தத் தலை ஆடவில்லை.

"தீட்டு கழியாம, தலைக்குத் தண்ணி ஊத்தாம, பச்சப்பிள்ளையப் பெத்தவகிட்ட இருந்து பிரிச்சு மாடி எறக்குவாவளா சார்? உங்க வீட்டுல அப்படித்தான் எறக்குனாவளா?"

படிக்கட்டில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது நாயந்தான" என்றாள் சரசு மைனி. "மோட்டார் ரூமுல எலி கெடக்கு, அங்கயா கொண்டுபோவாவ?" என்றாள் பாத்திமா.

"அதுக்கில்லம்மா, நான் பொதுவா ஒரு…" என்று ஆரம்பித்த சார், தன் கையிலிருந்த துண்டைப் பார்த்து, அதை எபனேசர் தோளில் போட்டுவிட்டு, "சரி, பிள்ளைய மொதல்ல தொடைங்க, குளிரும்" என்றார்.

மெற்றில்டா சேதி கேட்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது, எபனேசர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தாய்க்குழாய் இருக்கிற பைப்பிலேயே ஒரு கிளை எடுத்து, குட்டியை அதன் பக்கத்தில் முடுக்கிக்கொண்டிருந்தான். தாய்க்குழாய் வாயிலிருந்து தண்ணீர் கெட்டியாக, வெதுவெதுப்பாக இறங்கத் தொடங்கியது. குட்டி அழுதால் இறங்கும், குட்டி அடங்கினால் நிற்கும். அதற்குப் பிறகு அந்த பிளாக்கில் தண்ணீருக்குக் குடத்தோடு வருகிறவர்கள், குட்டி எப்போது அழும் என்று அடுப்படியில் குந்தியிருந்து காத்துக் கிடந்ததும், பொறுமையில்லாத ஒருத்தர் அதைக் கிள்ளப் பார்த்ததும், டெல்பின் கரண்டியை ஓங்கினதும் எல்லாம் வேறு கதை.

அன்றைக்கு மெற்றில்டா தரையில் கிடந்த வளையல்களைப் பொறுக்கினாள். கழுவினாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எவ்லினுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த டெல்பினின் முன்னால் வந்து குந்தினாள்.

"கைய நீட்டு."

"எனக்கெதுக்கு எக்கா?"

"பிள்ளைய ஏந்துன கைக்குத்தான வளையல். ஏந்துனது நீதான? முறைய மாத்தப்படாது." ஒவ்வொன்றாக ஏற்றினாள். "இதுல ஒண்ணயும் இனிமே சுவத்துல மாட்டாத, சொல்லிட்டேன். உனக்கு ஒட்டணும்னா ஒரு பூந்தொட்டி வாங்கித் தாரேன்."

டெல்பின் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "எக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க கொழாய்க்கு வச்ச புட்டெல்லாம்…"

"கொழா புட்டுத் திங்குமாட்டி?" மெற்றில்டா எழுந்து, காலித் தூக்கை எடுத்துக்கொண்டாள். "நேரா நீட்டுனா நீ, 'பரவாயில்ல எக்கா, வேண்டாம் எக்கா'ம்ப. கான்வென்ட்காரி. திருடியாவது திங்கட்டும்னுதான் வச்சேன்."

அவள் இறங்கிப் போனாள். எவ்லின் குடிப்பதை நிறுத்திவிட்டு, தலைக்கு மேலே கிலுங்கின சத்தத்தைத் தேடிப் பார்த்தது. சத்தத்தைக் கண்டது, சத்தம் இருந்த கையைக் கண்டது, கையின் வழியே மேலே மேலே வந்து முகத்தைக் கண்டது. கண்டு, ரொம்ப நேரம் பார்த்தது. பார்த்தபடியே தூங்கிப்போனது.

பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. அது பழையபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. முன்பு ஒரு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது எண்ண இரண்டிருந்தது. டெல்பின் எழுந்துபோய்க் குட்டிக் குழாயின் மூக்கடியில், சிவப்பு மச்சத்துக்குக் கீழே, விரலை வைத்தாள். பக்கத்தில் தாய்க்குழாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. விரலில் ஒரு துளி விழுந்தது, குளிர்ந்த துளி.

"இருக்கு," என்று தாயிடம் சொன்னாள்.

பிறகு அந்த ஈர விரலோடே திரும்பி வந்து, எவ்லினின் மூக்கடியில் வைத்தாள்.